வெள்ளிக்குச் செவுள் இல்லை

சின்னம்மாவின் கொலுசு கறுத்துப்போனதை முதலில் கண்டவள் நான்தான். கண்டதோடு நின்றிருக்கலாம். குசினியில் அம்மாவும் மாமியும் சேர்ந்திருந்த நேரமாகப் பார்த்து உள்ளே போய், "சின்னம்மாட கொலுசு சட்டிக்கரி மாதிரிக் கறுத்துப்போச்சு" என்று அறிவித்தேன்.

அறிவித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்போது எனக்குப் பத்து வயது, ஐந்தாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் இடையில் நிற்காமல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த முதல் ஆள் நான். அம்மாவின் படிப்பை இடம்பெயர்வு இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டது. அப்பாவும் மாமாவும் பள்ளிக்கூடத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை வாசிப்பது, பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயரைச் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. அதனால் நான் ஒன்றைச் சொன்னால் வீடு அதை அச்சில் வந்ததுபோல எடுத்துக்கொள்ளும். அந்த மதிப்பை நான் வீணாக்கியதில்லை.

எங்கள் வீடு மண்டூர்ப் பக்கம், வாவிக் கரையிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். நாங்கள் வயற்காரர். அம்மாவின் பெற்றோர் உயிரோடு இல்லாததால் அம்மாவின் தங்கையான சின்னம்மா எங்களோடுதான் இருந்தார். அவருக்கு வாவியின் அக்கரையில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் மீன்பிடிகாரர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து அதில் குடியேறுவார். அப்பா எங்கள் வளவிலேயே சின்னம்மாவுக்கு இரண்டு அறை வீடு கட்டிக் கூரைக்கு ஓடு போட்டுக்கொண்டிருந்தார்.

சம்பந்தம் சரிவந்த அன்று மாப்பிள்ளையின் தாய் தோணியில் வந்து இறங்கித் தன் கையாலேயே சின்னம்மாவின் காலில் அந்தக் கொலுசைப் பூட்டினார். நல்ல கனமான வெள்ளி. கொலுசு நெடுகச் சின்னப் பூக்கள், பூவுக்கு நடுவில் ஒரு சிவப்புக்கல். அதே பத்தரிடம் அதே வெள்ளியில் மகனுக்கும் ஒரு கல்மோதிரம் செய்வித்ததாகச் சொன்னார்.

அன்றைக்கே மாமா ஒரு சட்டம் போட்டார். அம்மாவின் தமையன், வீட்டில் அவர் வைத்ததுதான் முடிவு. தாலி கட்டும் நாள்வரை மாப்பிள்ளை இந்தப் பக்கம் வரக் கூடாது, பெண்ணைக் காணக் கூடாது.

"ஊர்வாயில கதை ஒண்டு வந்திச்செண்டா கலியாணம் அதோட சரி. பிறகு ஒருத்தரும் என்ட கடப்படிக்கு வரப்படாது" என்றார்.

அக்கரை ஆட்கள் தலையாட்டினார்கள். சின்னம்மாவும் தலையாட்டினார். சின்னம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்.

அப்படிப்பட்ட கொலுசுதான் இரண்டு மாதத்துக்குள் கரியாகிவிட்டது. என் அறிவிப்பைக் கேட்டதும் மாமி கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

"வெள்ளி கறுத்தா உடம்புக்குள்ள என்னமோ இரிக்கு மச்சாள். வெள்ளி நோயக் குடிக்கிற சாமான். அது பொய் சொல்லாது."

அம்மா அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். அவர் பயந்தது நோய்க்கு மட்டுமல்ல. மாப்பிள்ளை வீட்டார் அடுத்த முறை வரும்போது முதலில் பார்க்கப்போவது தாங்கள் போட்ட கொலுசை. நோய்க்காரப் பெண் என்று எழும்பிப் போனால், வேறு மாப்பிள்ளை வீட்டார் ஏன் வரப்போகிறார்கள்? அப்பாவின் புதுக்கூரை யாருக்கு?

சின்னம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லக்கா" என்றார் சின்னம்மா.

"நீ இல்லெண்டுறாய். உன்ட கால் ஓமெண்டுதே!" என்றார் அம்மா.

மாமாவுக்குத் தெரியாமல் வைத்தியம் தொடங்கியது. உடம்புச் சூடு என்று மாமி தீர்ப்புச் சொன்னதால் காலையில் வெந்தயத் தண்ணீர், மத்தியானம் மோர், பின்னேரம் பாகற்காய்ச் சாறு. சின்னம்மா தலையாட்டி எல்லாவற்றையும் குடித்தார். வாவிக்கரைக் காற்று சூட்டுக்கு நல்லது என்றும் மாமிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே பின்னேரங்களில் விறகு பொறுக்கக் கண்ணாக் காட்டுப் பக்கம் போய்வருகிற சின்னம்மாவை, இனி ஒருநாளும் தவறாமல் போ என்று அம்மாவே அனுப்பிவைத்தார். கரையோரம் சேற்றுக்குள் வேர்களை ஊன்றி நெருக்கமாக நிற்கும் மரங்கள் கண்ணா. உள்ளே ஒரு தோணி நின்றாலும் வெளியே தெரியாது. சின்னம்மா அங்கிருந்து கொண்டுவந்த விறகில் ஒரு நாளும் ஒரு கேத்தில் தேத்தண்ணி கொதித்ததில்லை. ஆனால் முகத்தில் களை இருந்தது. காற்று வேலை செய்கிறது என்று அம்மா ஆறுதல்பட்டார்.

கொலுசு மட்டும் ஆறுதல் தரவில்லை. முதலில் பழப்புளி போட்டுத் தேய்த்தார்கள். மேற்பக்கம் வெளுத்தது, கற்களைச் சுற்றியிருந்த இடுக்கில் கறுப்பு அப்படியே நின்றது. காலையில் வெளுத்த மேற்பக்கமும் அடுத்த நாள் மங்கி, மூன்றாம் நாள் பழையபடி இருண்டது. நோய் முற்றுகிறது என்று மாமி கணக்குப் போட்டார்.

அம்மா கோயில் திருநீற்றை எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளி விளக்குக்குத் திருநீறு போட்டுத் துலக்குவது எங்கள் ஊர் வழக்கம், பளிச்சென்று வரும். மாமி குறுக்கே நின்றார்.

"காலில போடுற சாமானுக்குத் திருநீறா? முருகன்ட திருநீற உன்ட தங்கச்சிட காலில பூசப்போறியா?"

"காலில இல்ல மச்சாள், கொலுசிலதான்."

"கொலுசு எங்க கிடக்கு, தலையிலயா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நான் சற்று யோசித்து, காலில் இருந்தால்தான் அது கொலுசு, கழற்றி வைத்தால் வெறும் வெள்ளி, ஆகவே கழற்றிவிட்டுத் தேய்க்கலாம் என்றேன். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. மாமி விடவில்லை.

"தேச்ச பிறகு இடுக்கில கொஞ்சம் நிக்குமே. அதோட திரும்பக் காலில போட்டா?"

திருநீறு மாடத்துக்குத் திரும்பிப் போனது. என் பற்பொடி டப்பா வழக்குச் செலவாகப் போனது. பாதி டப்பா முடிந்தும் கொலுசு சாம்பல் நிறத்துக்கு மேல் வரவில்லை. பூ இதழ்களுக்குள் பற்பொடி இறுகி, கொலுசு நரைத்துப்போனது போல இருந்தது.

கடைசியில் மாமி தன் கைமருந்தை எடுத்தார். காத்தான்குடியிலிருந்து மாதம் ஒருமுறை பிடவைப் பொட்டலத்தோடு துணி விற்க வரும் முஸ்லிம் அக்கா, ராத்தா, அவருக்குச் சொல்லிக்கொடுத்தது: அலுமினியச் சட்டியில் கொதிதண்ணீர் ஊற்றி, உப்பும் அப்பச்சோடாவும் போட்டு, வெள்ளியைச் சட்டியில் படும்படி வைத்தால் கறுப்பு தானாகக் கழன்றுவிடும். கல் வைத்ததற்கு இது சரிவராது என்றும் ராத்தா சொல்லித்தான் இருந்தாராம். அந்தப் பாதி மாமிக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஒரு கொலுசைப் போட்டோம். சட்டி நுரைத்தது. அதிலிருந்து ஒரு மணம் எழும்பியது. கூழ்முட்டை மணம்; இன்னும் சரியாகச் சொன்னால், தண்ணீர் வற்றுகிற காலத்தில் கண்ணாக் காட்டுச் சேற்றிலிருந்து வருமே, அந்த மணம்.

மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாத்தியா மச்சாள்? நோய் மணக்குது!" என்றார்.

அம்மா அழத் தொடங்கினார். சின்னம்மா மட்டும் சட்டியை எட்டிப் பார்த்து, அந்த மணத்தை முகர்ந்துவிட்டுச் சட்டென்று வெளியே போய்விட்டார்.

பல வருடங்கள் கழித்து, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் அதே மணம் என்னைத் தேடி வந்தது. அழுகும் சேற்றிலிருந்து வரும் கந்தகம் கலந்த வாயு வெள்ளியில் பட்டால் வெள்ளி கறுக்கும் என்று விரிவுரையாளர் சொல்லிக்கொண்டிருந்தார். நோய்க்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. கொலுசோடு பின்னேரந்தோறும் கண்ணாச் சேற்றில் இறங்கி, அங்கே மறைந்து நிற்கும் தோணி ஒன்றில் ஏறி இறங்கினால் போதும். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். என்ன பகிடி என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். சொல்ல வெளிக்கிட்டால் எங்கள் குடும்பம் முழுவதையும் ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

சட்டியிலிருந்து எடுத்த கொலுசு நிலவுபோல வெளுத்திருந்தது. ஆனால் சட்டியின் அடியில் ஒரு சிவப்புக்கல் தனியாகக் கிடந்தது. கல்லைப் பிடித்திருந்த அரக்கு சூட்டில் இளகிவிட்டது. கல்லுக்குப் பின்னால் ஒளிகொடுக்க வைத்திருந்த மின்னல் தகடு தண்ணீரோடு போய்விட, கல் உடைந்த வளையல் துண்டு போல உயிரில்லாமல் இருந்தது. கல் பதித்த எதையும் இன்று நான் சூடுதண்ணீருக்குக் காட்டுவதில்லை. மென்மையான துணியால் துடைத்து, பஞ்சில் சுற்றி, ஈரமில்லாமல் வைப்பேன். அன்று எங்களிடம் பஞ்சுமில்லை, புத்தியுமில்லை. அம்மா பலாக்காயை வெட்டி வடிந்த பாலில் கல்லைத் திரும்ப ஒட்டினார். மற்றக் கொலுசைச் சட்டியில் போட ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

அந்தப் பின்னேரமே மாமாவின் கைபேசிக்கு அக்கரையிலிருந்து செய்தி வந்தது. நாள் குறிக்க நாளைக் காலையில் மாப்பிள்ளையின் தாய் வருகிறார்.

மறுநாள் அவர் வந்தார். மெலிந்த, உயரமான மனுஷி. வெயிலில் காய்ந்த கை. பேச்சில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். தோணி வலித்து வந்தது மாப்பிள்ளை. மாமாவின் சட்டத்துக்கு அடங்கி அவர் வளவுக்குள் வராமல் கரையில் பூவரச மரத்தடியில் நின்றுகொண்டார். உள்ளே வட்டாவில் வெற்றிலை வைத்து அவருடைய தாயை வரவேற்றார்கள். வெளியே நிற்பவருக்கு இளநீர் கொண்டுபோகும் வேலை எனக்கு வந்தது.

அவர் இளநீரை வாங்கும்போது விரலைப் பார்த்தேன். சிவப்புக்கல் மோதிரம். அதுவும் கரி.

நான் நடந்து திரும்பவில்லை, ஓடித் திரும்பினேன். ஆனால் உள்ளே எல்லாம் தொடங்கியிருந்தது.

"புள்ளையக் கூப்பிடுங்க. கொலுசுச் சத்தம் கேட்டு எவ்வளவு நாள்!" என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லியிருக்கிறார். சின்னம்மா தரையைத் தொடும் பாவாடையோடு வந்து நின்றார். ஒரு காலில் வெள்ளி, மறு காலில் மழைமேகம். அதை மறைக்கத்தான் அந்த நீளம். மாப்பிள்ளையின் தாய் குனிந்து பாவாடை விளிம்பை விலக்கினார். தொட்டதும் பலாப்பாலில் ஒட்டிய கல் அவர் உள்ளங்கையில் விழுந்தது.

மாமா எட்டிப் பார்த்தார். அவர் இதையெல்லாம் அப்போதுதான் முதன்முதலாகக் காண்கிறார்.

"என்ன இது? ஏன் இப்படிக் கறுத்திரிக்கு? எனக்குத் தெரியாம என்னத்த மறைக்கிறீங்க?"

மாமி வாயை வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். "புள்ளைக்குக் கொஞ்சம் சூட்டு உடம்பு. வேறொண்டுமில்ல. மருந்து குடுக்கிறம்" என்றார்.

"அவளுக்கு ஒரு நோயுமில்ல!" என்றார் அம்மா. அதைச் சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது.

மாப்பிள்ளையின் தாய் கறுத்த கொலுசை நகத்தால் சுரண்டினார். சுரண்டிய நகத்தை மூக்கருகே கொண்டுபோனார். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. பிறகு சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"நோயாம் நோய்! ஆர் சொன்ன? இது எங்கட..."

அவ்வளவில் நிறுத்திவிட்டார். அவர் கண் சின்னம்மாவின் முகத்தில் நின்றது. சின்னம்மா தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டு, தலையாட்டவும் மறந்து, தூண்போல நின்றார்.

அந்த வசனம் முடிந்திருந்தால் மாமாவின் அடுத்த கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது வேறு. ஒரு பெரிய மனுஷி பதில் தெரியாமல் பாதியில் திணறுகிறார். பதிலோ என்னிடம் இருக்கிறது. வகுப்பில் கை உயர்த்துவதுபோலக் கையை உயர்த்தினேன்.

"மாப்பிள்ளட மோதிரமும் கறுத்துத்தான் இரிக்கு. நான் இப்பதான் கண்டன். சின்னம்மாக்கு நோயெண்டா, அப்ப அவருக்கும் நோயா?"

மாமா என்னைப் பார்த்தார், கொலுசைப் பார்த்தார், வாசல் வழியே பூவரச மரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையின் தாயும் என்னைப் பார்த்தார். சும்மா பார்க்கவில்லை, சந்தையில் எதிர்பாராமல் நல்ல மீன் கண்டவர் போலப் பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

"சரியாச் சொன்னா மனே! ரெண்டும் ஒரே வெள்ளிதானே. அந்தப் பத்தர் என்னை நல்லா ஏமாத்திப்போட்டான். கலப்பு வெள்ளி! பேய்ச்சி மாதிரி வாங்கிற்று வந்து, பாவம் இந்தப் புள்ளைக்கு நோய்ப்பேர் வாங்கிக் குடுத்திற்றன். அண்ணன், பிழை என்ட. மன்னிச்சுக்கொள்ளுங்க."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். அது வேறு அழுகை. மாமாவின் தோள் இறங்கியது. எப்போதும் முறுக்கிக்கொண்டிருக்கும் மனுஷன், யாரோ முதுகிலிருந்து நெல்மூட்டையை இறக்கிவிட்டதுபோலக் கதிரையில் சாய்ந்து, "அட, இவ்வளவுதானா!" என்றார். மாமிக்குப் பயம் போன கையோடு பேச்சு வந்துவிட்டது.

"மீனெண்டா பாத்து வாங்கத் தெரியுது உங்களுக்கு. வெள்ளி பாத்து வாங்கத் தெரியாதோ?"

"ஓம் தங்கச்சி" என்றார் மாப்பிள்ளையின் தாய். "மீனெண்டாச் செவுளத் தூக்கிப் பாக்கலாம். வெள்ளிக்குச் செவுள் இல்லையே."

மாமாவே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு நாளும் குறித்தார்கள். கொலுசைத் தானே கொண்டுபோய் அந்தப் பத்தரின் முகத்தில் எறிந்து நல்ல வெள்ளியாக மாற்றி வருவதாகச் சொல்லி, மாப்பிள்ளையின் தாய் அதைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டார். அம்மா அவசரமாகப் பால்கஞ்சி காய்ச்சினார். பாகற்காய்ச் சாறு அன்றோடு நின்றது. மாமா என் தலையில் கை வைத்து, "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான். என்ன கேள்வி கேட்டா பாத்தீங்களா? நாங்க ஒருத்தரும் யோசிக்கல்லையே" என்றார். நான் யோசித்தேன். அதில் எனக்குக் கொஞ்சமும் ஆச்சரியம் இருக்கவில்லை.

மாமி அதற்குப் பிறகு கல்யாண வீடு, செத்த வீடு, கோயில் திருவிழா என்று பார்க்காமல், சம்பந்தி அம்மா கலப்பு வெள்ளி வாங்கி ஏமாந்த கதையைப் பல வருடம் சொன்னார். அந்த மனுஷி பக்கத்தில் இருக்கும்போதும் சொன்னார். அவர் ஒரு தடவையாவது மறுத்ததில்லை. நானே ஏமாளி என்று சேர்ந்து சிரிப்பார். சிறுமியாய் இருந்த காலத்திலிருந்து அந்தக் கண்ணாச் சேற்றுக்குள் கைவிட்டு நண்டு பிடித்து வளர்ந்தவர் அவர்.

அன்று அவரை வழியனுப்பக் கரைவரை போனது நானும் சின்னம்மாவும்தான். நான் சிவப்பரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். மாப்பிள்ளை எங்களைக் காணாதவர்போலத் தோணிக்குள் குனிந்து தண்ணீர் இறைத்தார். இறைக்கத் தண்ணீர் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவருடைய தாய் தோணியில் ஏறுமுன் திரும்பி, சின்னம்மாவின் காதோடு பேசுவதுபோல மெல்லச் சொன்னார்:

"சேத்துக்குள்ள இறங்கக்குள்ள கழட்டி மடியில வெச்சிற்று இறங்குகா. கல்லுக்கும் உப்புத்தண்ணி ஆகாது."

சின்னம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை; தோள் மட்டும் குலுங்கியது. "சரி சரி, வீட்ட போகா" என்று மாப்பிள்ளையின் தாய் கையை விடுவித்துக்கொண்டு தோணியில் ஏறினார்.

தோணி நகர்ந்தது. எனக்கு அந்த மனுஷியை நினைக்கப் பாவமாக இருந்தது. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணாவது கொலுசோடு வயற்சேற்றில் இறங்குவாளா? வெள்ளியும் பார்க்கத் தெரியவில்லை, வயலும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போயிருந்தால் இவ்வளவு கஷ்டம் வந்திராது. கல்யாணத்துக்குப் பிறகு ஆறுதலாக அவருக்கு ஒவ்வொன்றாக விளங்கப்படுத்த வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் சின்னம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார், வலிக்கும் அளவுக்கு. என் கேள்வியைத்தான் மெச்சுகிறார் என்று எண்ணிக்கொண்டு நடந்தேன்.